துண்டுக்கு அடியில் விலை: ஏலமலையில் வணிக மறைப்பின் வரலாறு

தமிழில் 'ஏலம்' என்னும் சொல் இரண்டு. ஒன்று மலைச்சாரலில் விளையும் ஏலம். மிகப் பழைய சொல். மற்றொன்று கூவி விற்கும் ஏலம். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்னும் சொல்லின் வழி நமக்கு வந்து சேர்ந்தது. பிறப்பால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இவ்விரு சொற்களும் நாள்தோறும் சந்தித்துக்கொள்ளும் இடம் குமுளியைச் சூழ்ந்த ஏலமலைப் பகுதி. குமுளிக் கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஏலக்காயின் விலை அட்டையில் எழுதி முன்னால் வைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய புற்றடியில், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடத்தில், அதே காய்க்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று ஒவ்வொரு வணிகரும் மனத்தில் ஒரு தொகை வைத்திருப்பார். அதனைப் பக்கத்து இருக்கைக்காரர் அறிந்துவிட்டால் அன்றைய வணிகம் கெட்டது.

வணிக வரலாறு எழுதுவோர் பொருள்களின் பயணத்தையும் விலைகளின் ஏற்ற இறக்கத்தையும் விரிவாகப் பேசியுள்ளனர். போட்டியாளரிடமிருந்து எதை, எவ்வளவு காலம், எதற்காக மறைத்தனர் என்பது குறைவாகவே பேசப்பட்டுள்ளது. காரணம் வெளிப்படை: வெற்றிகரமாக மறைக்கப்பட்டது ஆவணக் காப்பகத்துக்கு வருவதில்லை. களவு, காட்டிக்கொடுத்தல், அயலார் வியந்து எழுதிய குறிப்பு, தடைச்சட்டம் ஆகிய நான்கு வாயில்கள் வழியாகத்தான் அது நம்மை அடைகிறது. இப்பதிவில் ஏலமலையை நடுவில் வைத்து அவ்வாயில்கள் சிலவற்றைத் திறந்து பார்க்க முயல்கிறேன். இடையில் நிகழ்பட விளையாட்டுக் கருவிகளை உருவாக்கும் நிறுவனங்களும் வரும். அவர்களும் துண்டு போட்டுத்தான் விலை பேசுகிறார்கள்.

குழுவுக்குள் மட்டும் புழங்கும் மொழியைத் தமிழ் இலக்கண மரபு ஒரு வகைப்பாடாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்குவது மூன்றாவதற்கு வழமையாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. முதல் இரண்டும் கேட்பவர் மனம் கூசாதிருப்பதற்காக அமைந்தவை. மூன்றாவதோ கேட்பவர் விளங்கிக்கொள்ளாதிருப்பதற்காக அமைந்தது. இவ்வேறுபாட்டை வகுப்பறைகளில் நாம் அழுத்திச் சொல்வதில்லை. எதிரில் ஆள் இருக்கும்போதே, அவர் காதில் விழும்படியே, ஆனால் அவருக்குப் புரியாதபடி பேச வேண்டிய தேவை வணிகத்தில் இருந்தது என்பதற்கு இலக்கண நூலே சான்றாக நிற்கிறது.

சொல்லாலும் மறைக்க இயலாத இடத்தில் விரல் பேசியது. பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகர் தம் தோள் துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டுக்கொண்டு, அதனடியில் விரல்களைப் பற்றி விலை பேசும் வழக்கத்தை அறியாதவர் குறைவு. சுற்றி இருபது பேர் நிற்பர். துண்டு அசைவது மட்டுமே தெரியும். இது ஏதோ நாட்டுப்புற வினோதம் என்று கருதிவிடக் கூடாது. 1510இல் அச்சேறிய பயண நூலில் இத்தாலியரான லுதோவிக்கோ தி வர்த்தேமா, கோழிக்கோட்டு வணிகர் தரகர் வழியாகத் துணிக்குள் விரல் தொட்டு விலை பேசிய முறையைக் குறித்துவைத்துள்ளார். அடுத்த நூற்றாண்டில் வைர வணிகரான பிரெஞ்சுக்காரர் தவெர்னியே, வைரச் சுரங்கப் பகுதியில் வணிகர் எதிரெதிரே அமர்ந்து, இடைக்கச்சையின் மறைவில் ஒரு சொல்லும் பேசாமல் வைரங்களை விற்றதை எழுதுகிறார். முழுக் கையைப் பற்றினால் ஒரு மதிப்பு, விரலைப் பற்றினால் வேறொன்று. ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தின் நடுவில், ஒரே பொருள் பல முறை கைமாறினாலும் மற்றவர்க்கு விலை தெரியாது என்பதுதான் அவரை வியப்பில் ஆழ்த்தியது.

துண்டு எவரிடமிருந்து எதை மறைக்கிறது? விற்பவருக்கு விலை தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், தரகருக்கு இருவரையும்விட அதிகம் தெரியும். பொருளோ நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. மறைக்கப்படுவது ஒன்றே ஒன்று: இந்த விற்பனை அடுத்த விற்பனைக்கு முன்மாதிரியாகிவிடாமல் தடுக்கப்படுகிறது. முதல் மாடு என்ன விலைக்குப் போனது என்பது தெரிந்தால் இரண்டாவது மாட்டின் பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். தெரியாவிட்டால் ஒவ்வொரு பேரமும் புதிதாகத் தொடங்கும். பேரம் புதிதாகத் தொடங்கும்போது ஆதாயம் பெறுபவர், ஒரே நாளில் நூறு பேரங்களில் கை வைத்தவர்; அதாவது தரகரும் பெருவணிகரும். ஆண்டுக்கு ஒரு மாடு விற்கும் குடியானவருக்கு அந்த மறைவில் கிடைப்பது ஒன்றுமில்லை. பின்னாளில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் ஏற்பட்டபோது திறந்த ஏலம் வலியுறுத்தப்பட்டதற்கு இதுவே காரணம்.

விலையை மறைப்பதற்கு முன்பே இடத்தை மறைக்கும் மரபு ஒன்று நறுமணப் பொருள் வணிகத்தில் இருந்தது. இலவங்கப்பட்டையைப் பெரும் பறவைகள் தம் கூடுகளுக்குக் கொண்டு செல்வதாகவும், அவற்றைத் தந்திரமாக வீழ்த்தியே அரேபியர் பட்டையைப் பெறுவதாகவும் எரோடோட்டசு எழுதினார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து உரோமரான பிளினி, இவையெல்லாம் விலையை உயர்த்துவதற்காகக் கட்டப்பட்ட கதைகள் என்று தள்ளினார். தொல்கதை ஒன்றை வணிக உத்தியாக வாசித்த தொடக்கக்கால அறிஞர்களுள் பிளினியை வைக்கலாம்.

வாஸ்கோ ட காமா 1498இல் மலபார்க் கரையை அடைந்தபின் போர்த்துக்கல் அரசு கடல்வழி வரைபடங்களைக் காத்துவைக்க முயன்றது. அந்த மறைப்பு எவ்வளவு திட்டமிட்டது என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 1502இல் ஃபெராரா கோமகனின் முகவரான அல்பெர்த்தோ காந்தினோ லிஸ்பனிலிருந்து ஓர் உலக வரைபடத்தை இரகசியமாகப் பெற்று இத்தாலிக்குக் கடத்தினார். அதற்கு 12 பொற்காசுகள் கொடுக்கப்பட்டதாகத் தெரிகிறது. இன்று மோதெனாவில் உள்ள அவ்வரைபடத்தில் நம் மேற்குக் கரையும் இருக்கிறது. காந்தினோ திருடியிராவிட்டால், அந்நாளில் போர்த்துக்கீசியர் அறிந்திருந்தது என்ன என்பதை அறிய நமக்கு இத்தகைய சான்று எஞ்சியிருக்காது. மறைப்பின் வரலாற்றை எழுதுகிறவர் கள்வருக்குக் கடன்பட்டவர்.

இன்னும் பெரிய கசிவு கோவாவில் நேர்ந்தது. 1583 முதல் கோவாப் பேராயரின் செயலராக இருந்த டச்சுக்காரர் யான் ஹொய்கன் வான் லின்ஸ்கோட்டன், தாம் கண்டதையும் படியெடுத்ததையும் தாயகம் திரும்பி 1595, 1596 ஆண்டுகளில் நூல்களாக வெளியிட்டார். கடல்வழிகள், காற்றுகள், துறைமுகங்கள் யாவும் அவற்றில் இருந்தன. 1595இல் புறப்பட்ட முதல் டச்சுக் கப்பல் தொகுதி அவர் தந்த வழிக்குறிப்புகளைப் பயன்படுத்தியது. 1598இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1600இல் ஆங்கிலேயரின் கம்பெனி, 1602இல் டச்சுக்காரரின் கம்பெனி. இவையெல்லாம் ஒரு நூலால் விளைந்தவை என்று சொல்வது மிகை. ஆனால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் போர்த்துக்கீசியர் அனுபவித்த காலமுந்தல், செயலர் ஒருவரின் பெட்டிக்குள் அடங்கக்கூடியதாக இருந்தது. டச்சுக் கம்பெனி தன் பங்குக்கு அதே பாடத்தைக் கற்றுக்கொண்டது: மாலுமிகளுக்குக் கொடுத்த கடல்வரைபடங்களைப் பயணம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஏலமலைக்குத் திரும்புவோம். இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் வேறொரு நிலைமை. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் முற்றுரிமையாக வைத்திருந்தது. காட்டில் ஏலம் பயிரிட்டவர் காயை அரசுக் கிடங்கில் ஒப்படைத்துத் தமக்குரிய பங்கைப் பெற வேண்டும், அரசே விற்கும். வாங்குபவர் ஒருவரே என்ற நிலையில் விலையை மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அதனால் மறைப்பு ஒழியவில்லை. அது காட்டுப் பாதைகளுக்கு இடம் பெயர்ந்தது. மலைக்குக் கிழக்கே ஆங்கிலேயரின் மதுரை மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் பாதைகளில் காய் கீழே இறங்கிவிடாமல் காப்பது திருவிதாங்கூர் அதிகாரிகளின் ஓயாத கவலையாயிற்று. இன்று எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கும் வரிசையைப் பார்க்கும்போது, இந்த இடத்துக்கு இப்பணி எவ்வளவு பழகியது என்று எண்ணத் தோன்றுகிறது.

1896இல் முற்றுரிமை நீக்கப்பட்டு நிலவரி முறை வந்தது. விளைவித்தவர் தாம் விரும்பியவருக்கு விற்கலாம் என்றானது. போடிநாயக்கனூர் வணிகர் ஒருபுறம், ஆலப்புழை வணிகர் மறுபுறம். தரம் பிரிக்கும் பெயர்களில் 'ஆலெப்பி கிரீன்' என்பது இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தத் துறைமுக வணிகத்தின் எச்சம். வாங்குபவர் பலராயினர், பலரான உடனே ஒருவருக்கொருவர் மறைக்க வேண்டியவராயினர்.

1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டமும் அதன் வழி அமைந்த ஏலக்காய் வாரியமும், பின் 1987இல் அதன் பணிகளை ஏற்ற நறுமணப் பொருள் வாரியமும் இவ்வணிகத்தை உரிமம் பெற்ற ஏலதாரர், உரிமம் பெற்ற வணிகர் என்னும் வரம்புக்குள் கொண்டுவந்தன. வண்டன்மேட்டிலும் போடியிலும் கூவி விடும் ஏலம் நடந்தது. 2007இல் மின்னணு ஏலம் வந்தது. குரலுக்கும் கையசைவுக்கும் பதிலாக மேசைக்கு மேசை கணினி; சுவரில் திரை. 2021இல் இணையவழியே இரு மையங்களையும் இணைக்கும் ஏற்பாடும் வந்தது.

இக்கூடத்தில் யார் எதை வெளிப்படுத்துகிறார், யார் எதை மறைக்கிறார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். விவசாயியின் காய் மாதிரியாகப் பிரித்து வணிகர் முன் வைக்கப்படுகிறது. எடை தெரியும். காயின் பருமன், நிறம், உலர்ந்த பதம் ஆகியவற்றை விரலால் உருட்டிப் பார்த்தே வணிகர் சொல்லிவிடுவார். அன்று மொத்தம் எவ்வளவு வரத்து என்பதும் தெரியும். அவ்வளவு ஏன், விவசாயியின் அவசரமும் தெரியும். பறித்த பச்சைக்காயை உடனே உலர்கூடத்தில் ஏற்ற வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய். உலர்ந்த காயை இருப்பு வைத்தால் நிறம் மங்கும், நிறம் மங்கினால் விலை இறங்கும். கம்பம், கூடலூர், போடிப் பக்கங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி வரும் தொழிலாளர்க்குக் கூலி தர வேண்டும். இவற்றுள் எதையும் விற்பவரால் மறைக்க இயலாது.

வணிகர் பக்கம் திரும்பினால், தில்லியிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ தமக்கு வந்துள்ள கொள்முதல் ஆணை எவ்வளவு, எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும், கிடங்கில் ஏற்கெனவே எவ்வளவு கிடக்கிறது, குவாத்தமாலாவில் அறுவடை எப்படி என்று தம் தொடர்பாளர் சொன்னது என்ன ஆகிய எவையும் திரையில் வருவதில்லை. குவாத்தமாலா இருபதாம் நூற்றாண்டில்தான் ஏலம் பயிரிடத் தொடங்கிய நாடு. இன்று உலகச் சந்தையில் நமக்கு முதற்போட்டியாளர். அந்நாட்டு விளைச்சலைப் பற்றிய ஒரு வாரச் செய்தி முந்தல்கூட இங்கே பணம். இவற்றை வணிகர் மறைப்பதில் நேர்மைக் கேடு ஒன்றும் இல்லை. தமக்கு இருபது டன் அவசரமாகத் தேவை என்று ஒருவர் வெளியிட்டால், மற்றவர்கள் முன்கூட்டியே வாங்கி அவருக்கே விலையேற்றி விற்பர். மறைப்பு அவருக்குத் தற்காப்பு. ஆனால் அத்தற்காப்பின் ஒட்டுமொத்த விளைவு, அறிவு ஒரு பக்கமும் அவசரம் மறுபக்கமும் குவிவது.

இதைவிட நுட்பமான ஒன்று, மீண்டும் ஏலத்துக்கு வரும் காய். ஒரு முறை ஏலத்தில் வாங்கிய காயை வணிகரே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவதை எதிர்த்து விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 'ரீபூளிங்' என்பது வழக்குச் சொல். வரத்து என்னும் எண் எல்லோரும் பார்க்கும் பொது அறிவிப்பு. அதே காய் இருமுறை எண்ணப்பட்டால் வரத்து பெருகியதாகத் தோன்றும். பெருகிய வரத்து விலையைத் தாழ்த்தும். இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொது அறிவிப்பையே கலங்கலாக்குவதும் மறைப்பின் ஒரு வடிவம். பிளினி கண்ட பறவைக் கதையின் உறவுமுறை.

2019 ஆகஸ்டில் புற்றடியில் ஏலக்காயின் உச்சவிலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குலைத்திருந்தன. அது சராசரி விலையன்று, உச்சவிலை மட்டும். செய்தித்தாள்களோ உச்சத்தைத்தான் தலைப்பில் போட்டன. இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது சராசரி ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது. தலைப்பைப் பார்த்துக் கடன் வாங்கிச் செடி நட்டவருக்கு, அச்செடி காய்க்கும்போது கிடைத்த விலை அது. வெளிப்படையான விலையும் ஆளைச் சாய்க்கும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

ஏல மண்டபத்தில் நிகழும் இந்தக் காத்திருப்பு, முதலில் யார் வாயைத் திறப்பது என்னும் காத்திருப்பு, வேறொரு தொழிலில் ஏறக்குறைய சோதனைச்சாலைத் தூய்மையோடு காணக்கிடைக்கிறது. விளையாட்டுக் கருவித் தொழிலில் போட்டியாளர் இருவர் அல்லது மூவர்தாம். ஒரு தலைமுறைக் கருவி பல ஆண்டு உழைப்பு. விலையை ஒருமுறை மேடையில் சொல்லிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி நிறுவனம், நின்டென்டோவுடன் சேர்ந்து உருவாக்கிய குறுந்தட்டுக் கருவியை அறிவித்தது. மறுநாளே நின்டென்டோ, தான் ஃபிலிப்ஸ் நிறுவனத்தோடு சேரப்போவதாக அறிவித்தது. கூட்டாளியிடமிருந்தே மறைக்கப்பட்ட முடிவு அது. அந்த அவமானத்திலிருந்து எழுந்ததுதான் சோனியின் தனிக் கருவியான பிளேஸ்டேஷன் என்பது இத்தொழிலின் தோற்றக் கதைபோலவே ஆகிவிட்டது.

1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது இன்னும் பொருத்தமானது. செகா நிறுவனம் தன் சாட்டர்ன் கருவியைச் செப்டம்பரில் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தது. அன்று மேடையில், விலை 399 டாலர் என்றும், கருவி ஏற்கெனவே தேர்ந்தெடுத்த கடைகளுக்குச் சென்றுவிட்டது என்றும் திடீரென அறிவித்தது. போட்டியாளரை நான்கு மாதம் முந்தும் திட்டம். அதே நாளில் சோனியின் சார்பில் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி '299' என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். செகா விலையைச் சொல்லும் வரை சோனியின் விலை துண்டுக்கு அடியிலேயே இருந்தது. இரண்டாவதாகப் பேசியவர் வென்றார். 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் 499 டாலர் என்று சொன்ன அதே நாளில் சோனி 399 என்றது, பழைய நாடகத்தின் மறு அரங்கேற்றம்.

செகாவின் திடீர் அறிவிப்பால் அடிபட்டவர் யார் என்பதை வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டும். கருவி கிடைக்காத கடைக்காரர்கள் சினந்தனர். கேபி டாய்ஸ் நிறுவனம் செகாவின் பொருளை விற்கவே மறுத்தது. செப்டம்பரை நம்பி விளையாட்டுகளை உருவாக்கிக்கொண்டிருந்த பிற நிறுவனங்களின் படைப்புகள் முடிந்திருக்கவில்லை. சோனியிடமிருந்து மறைத்த இரகசியம், செகாவின் சொந்தக் கூட்டாளிகளிடமிருந்தும் மறைக்கப்பட்டிருந்தது. துண்டுக்கு வெளியே நிற்பவர்களில் போட்டியாளரும் உண்டு, குடியானவரும் உண்டு.

குழூஉக்குறியும் இத்தொழிலில் உண்டு. நின்டென்டோவின் அடுத்தடுத்த கருவிகள் 'டால்ஃபின்', 'ரெவல்யூஷன்', 'என்எக்ஸ்' எனும் மறைபெயர்களில் வளர்ந்தன. விளையாட்டு உருவாக்கும் நிறுவனங்களுக்குக் கருவியை முன்னதாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் முழு மறைப்பு இயலாது. ஆகவே வெளியிடாமை ஒப்பந்தமும் மறைபெயரும். 2005 மே மாதத்தில் 'ரெவல்யூஷன்' பெட்டியைக் காட்டிய நின்டென்டோ அதன் கைப்பிடிக் கருவியை மட்டும் காட்ட மறுத்தது. செப்டம்பரில் தோக்கியோவில்தான் அது வெளிப்பட்டது: கையசைவை உணரும் கருவி. அடுத்த ஆண்டு மே மாதத்தில் சோனி அறிவித்த கைப்பிடியிலும் அசைவுணரி இருந்தது. நகலா, தற்செயலா என்னும் விவாதத்தை விட்டுவிடலாம். எட்டு மாதம் என்னும் கால அளவுதான் நமக்கு வேண்டியது. வெளியிட்டபின் கிடைக்கும் காலமுந்தல் அவ்வளவுதான் என்றால், அதை எப்போது செலவிடுவது என்பதுதான் இரகசியத்தின் உள்ளடக்கம்.

மறைப்பதற்கு மாறாக முன்கூட்டிச் சொல்வதும் ஆயுதமாகும். 1999 மார்ச்சில், தன் புதிய கருவி கடைக்கு வருவதற்கு ஓராண்டு இருக்கும்போதே சோனி அதன் ஆற்றலை விரித்துரைத்தது. செகாவின் டிரீம்காஸ்ட் அமெரிக்கச் சந்தைக்கு வரவிருந்தது அவ்வாண்டு செப்டம்பரில். வாங்கலாமா என்று எண்ணியவர்களில் பலர் காத்திருந்தனர்; 2001இல் செகா கருவி உற்பத்தியையே நிறுத்தியது. வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் இங்கே அறிவிப்பு என்பது, 'வரத்து பெருகும், பொறுங்கள்' என்று சந்தையில் பரப்பும் செய்திக்கு நிகர். மறைப்பும் அறிவிப்பும் ஒரே கருவியின் இரு முனைகள்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளிப்படையாக்கிவிட்டால் ஏலமலை விவசாயிக்கு நியாயம் கிடைத்துவிடுமா? இங்கேதான் பொருளியலார் நம்மைத் தயங்கவைக்கின்றனர். பால் மில்குரோமும் இராபர்ட் வெபரும் 1982இல் எழுதிய கட்டுரை, விற்பவர் தம் பொருளைப் பற்றி அறிந்ததை வெளியிட்டால் சராசரி விலை உயரும் என்று காட்டியது. அதன்படி மாதிரியை விரித்து வைப்பது விவசாயிக்கு நன்மையே. ஆனால் 1964இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுப்பிய கேள்வி வேறு. சிலரே உள்ள சந்தையில், ஒவ்வொருவரும் என்ன விலைக்கு வணிகம் செய்கிறார் என்பது மற்றவர்க்குத் தெரியுமானால், கூட்டு வைத்துக்கொள்வதும் கூட்டை மீறியவரைக் கண்டுபிடிப்பதும் எளிதாகிவிடும். டென்மார்க்கில் 1993இல் கலவைக் கான்கிரீட்டின் உண்மையான விற்பனை விலைகளை அரசே வெளியிடத் தொடங்கியது. போட்டி பெருகும் என்று எதிர்பார்த்தனர். விலை 15 முதல் 20 விழுக்காடு வரை உயர்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். வெளிப்படைத்தன்மை நுகர்வோருக்குப் பதில் போட்டியாளருக்கே விளக்கேற்றிற்று.

ஏலக்கூடத்திலோ வாங்குபவர் சிலர், விற்பவர் பல்லாயிரவர். ஆகையால் 'எல்லாம் திறந்திருக்கட்டும்' என்னும் முழக்கத்தை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. வரத்தின் உண்மையான அளவு, கிடங்கு இருப்பு, மறுமுறை வந்த காயின் பங்கு ஆகியவை திறந்திருக்க வேண்டும். இன்னார் இவ்வளவு கேட்டார் என்பது ஏலம் நடக்கும்போதே சக வணிகர்க்குத் தெரிய வேண்டியதில்லை. கூவி விட்ட காலத்தில் முகத்தைப் பார்த்தே யார் பின்வாங்குகிறார் என்று கணித்தனர். அந்தக் கணிப்பு விவசாயிக்கு என்றும் உதவியதில்லை. எது எவரிடமிருந்து மறைய வேண்டும் என்பதைப் பிரித்துப் பேசாமல் மறைப்பைப் பொதுவாகப் பழிப்பது, துண்டையும் திரையையும் ஒன்றாக்கிவிடும்.

மறைக்கவே இயலாத ஒன்றும் இதே மலையில் உண்டு. கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த 'ஞள்ளானி' வகை, ஏலக்காய் விளைச்சலையே மாற்றியமைத்தது. அதன் இரகசியம் ஒரு கிழங்குத் துண்டு. வேலியைத் தாண்டி ஒரு துண்டு சென்றால் அடுத்த தோட்டம். அங்கிருந்து அடுத்த மலை. இன்று இடுக்கியின் ஏலப் பரப்பில் பெரும்பகுதி அவ்வகைதான். கருவி நிறுவனம் எட்டு மாதம் காத்த இரகசியத்தால் ஈட்டியதற்கும், இவ்வகையைக் கண்டவர் ஈட்டியதற்கும் உள்ள இடைவெளியைத் தாவர வகைக் காப்புச் சட்டம் பயிலும் மாணவர் யாரேனும் எடுத்துக்கொள்ளலாம். விளைவிப்பவர் தம் கண்டுபிடிப்பைத் திறந்த வெளியில் மழையில் நனையும்படி வைத்திருக்கிறார். வாங்குபவர் தம் தேவையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு செய்தி. துண்டுக்கு அடியில் பேசிய விரல்கள் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்லவில்லை; கூவி விட்ட ஏலத்திலும் முடிந்த விலை மட்டுமே பேரேட்டில் ஏறியது, தோற்ற கேள்விகள் காற்றில் கரைந்தன. நறுமணப் பொருள் வாரியம் நாள்தோறும் வெளியிடும் அட்டவணையிலும் வரத்து, விற்ற அளவு, உச்சவிலை, சராசரி விலை ஆகியவைதாம் உள்ளன. ஆனால் 2007க்குப் பின் ஒவ்வொரு கேள்வியும் ஒரு விசையழுத்தம்; அது எங்கேனும் ஒரு கணினியைக் கடந்துதான் சென்றிருக்கிறது. யார் எந்த விலையில் நின்றார், எத்தனை நொடி தயங்கினார், எந்தெந்த வணிகர் ஒருவரோடொருவர் மோதாமலே நாளைக் கடத்தினர் என்பதை அத்தடயங்களிலிருந்து படிக்கலாம். வணிகரின் பெயரை நீக்கி, சில ஆண்டுகள் கழிந்தபின் அப்பதிவுகளை ஆய்வுக்குத் திறந்துவிடுமாறு வாரியத்திடம் கேட்பதற்கு இது தக்க காலம்.